உஷார்! மாத்திரைப் பாக்கெட்டை மறைக்காதீர்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் அடிக்கடி போய்வருகிறவர்களும், அப்படிப் போய்வரும் அப்பா, கணவர், மாமா, மச்சான் உள்ள வீட்டுக்காரர்களும் இதை ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள். முட்டிவலிக்கு ஒரு மாத்திரை, 'தெம்பு'க்கு ஒரு மாத்திரை, இளைப்பதற்கு ஒரு காப்பித்தூள் என்று ஊர் பேர் தெரியாத சரக்கை வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. அந்தச் சரக்கு ஆபத்து என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆளை மயங்கிய நிலையில் எமெர்ஜென்சிக்குக் கொண்டுபோகிறோம். "என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்கிறார். தெரிந்தும் சொல்லாமல் நிற்கிறோம். அந்த மௌனத்தில் உயிர் போகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சேலைக் கடை, பூமாலைக் கடை, அத்தர், சொங்கோக் தொப்பி, ஜாமு என்ற மலாய் நாட்டு மருந்து விற்கும் விஸ்மா யாக்கின் கட்டடம், கொஞ்சம் தள்ளி பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. இடையில் ஓரிடத்தில் தார்ப்பாய் விரித்து, வேரும் பட்டையும் எண்ணெய்ப் புட்டியும் பரப்பி, ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். வேரும் பட்டையும் பெரும்பாலும் கண்காட்சிக்குத்தான். விற்பனைக்கு வருவது பெட்டிக்குள்ளிருந்து எடுக்கும் பாக்கெட். "அண்ணே, எல்லாம் மூலிகை, சைடு எபெக்ட் கெடையாது. இன்னிக்கு ராத்திரி போடுங்க, நாளைக்கு வந்து எங்கிட்ட பேசுங்க."

அந்தப் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் குதிரையோ புலியோ இருக்கும். நூறு விழுக்காடு மூலிகை என்று இருக்கும். 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்றும் இருக்கும். பின்பக்கம் எங்கே செய்தது, யார் செய்தது, எதில் எவ்வளவு என்ற விவரம் தேடினாலும் கிடைக்காது. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மசிக்கறை.

பதிவுபெற்ற நாட்டு மருந்துக் கடைகளையோ, படித்துத் தேர்ந்த சித்த, ஆயுர்வேத மருத்துவர்களையோ நான் சொல்லவில்லை. சுக்கும் திப்பிலியும் கடுக்காயும் விற்பவர்கள் தலைமுறையாக அந்தத் தெருவில் நேர்மையாகப் பிழைக்கிறார்கள். நான் சொல்வது மூலிகை என்ற பெயரில் ஆங்கில மருந்தைக் கலந்து விற்கும் சரக்கை. இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. இரண்டு மணி நேரத்தில் வலி பறந்தால், அரை மணி நேரத்தில் 'வேலை' செய்தால், சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். வேருக்கும் பட்டைக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

அந்த 'வேறு ஏதோ' என்ன செய்யும் என்பதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள்.

2008 ஜனவரி 1 முதல் மே 26 வரை, சிங்கப்பூரின் ஐந்து அரசு மருத்துவமனைகளுக்கு 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிய நிலையில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் நீரிழிவு கிடையாது. கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள். நீரிழிவு இல்லாதவருக்கு, இன்சுலின் போடாதவருக்கு, சர்க்கரை இப்படிச் சரிவது அபூர்வம். ஒரு எமெர்ஜென்சியில் வேலை செய்யும் டாக்டர் இப்படி ஒருவரைப் பார்த்தால் வியப்பார், அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். ஐந்து மருத்துவமனைகளின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் இது கொள்ளைநோய் மாதிரி பரவுவது புரிந்தது. ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தார்கள். 127 பேரிடம் கிளிபென்கிளமைடு இருந்தது. அது நீரிழிவுக்காரர்கள் சாப்பிடும் மாத்திரை. கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில், டாக்டர் எழுதிக் கொடுக்கும் அளவைப்போலப் பல மடங்கு கலந்திருந்தது. ஆண்மைக்கும் அந்த மருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஏழு பேர் கோமாவிலிருந்து மீளவில்லை. அவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். இந்த விவரங்கள் 2009இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தன.

என் நெஞ்சை அடைத்த எண் அந்தக் கட்டுரையில் வேறொரு இடத்தில் இருக்கிறது. 127 பேரின் உடம்பில் மருந்து அகப்பட்டது. ஆனால் "ஆமாம், அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டேன்" என்று ஒப்புக்கொண்டவர்கள் 45 பேர்தான். சிலர் பேச முடியாத நிலையில் இருந்திருக்கலாம். சிலருக்குத் தாங்கள் குடித்த தூளில் என்ன இருந்தது என்றே தெரியாமல் இருந்திருக்கலாம். மற்றவர்களை எது தடுத்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். பக்கத்தில் மனைவி நிற்கிறாள், மகன் நிற்கிறான், எதிரே மகள் வயதில் ஒரு டாக்டர். எப்படிச் சொல்வது?

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சர்க்கரை இறங்கியவர் குடித்தவர் மாதிரி உளறுவார். சிலருக்கு ஒரு பக்கம் கை கால் இழுக்கும், பக்கவாதம் என்றே நினைக்கத் தோன்றும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பார்கள். மில்லிமோல் கணக்கில் 4க்கு மேல் இருக்க வேண்டிய சர்க்கரை அளவு 2க்கும் கீழே கிடக்கும். உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் ஆள் கண் திறப்பார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, காலையில சாப்பிடல, அதான்" என்பார். வீட்டுக்காரர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிளிபென்கிளமைடு கணையத்தைத் தட்டித் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு நாளைக்கு மேலும் அதன் வேலை நீடிக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நீளும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும், வீட்டில் எல்லாரும் தூங்கும் நேரத்தில், சர்க்கரை மறுபடி சரியும். மூளைக்குச் சர்க்கரைதான் தீனி. அது இல்லாமல் மணிக்கணக்கில் கிடந்தால் மூளை செத்துப்போகும். "மாத்திரை போட்டார்" என்ற ஒரு வார்த்தை டாக்டரின் காதில் விழுந்திருந்தால், ஆளை வார்டில் நிறுத்தி, மணிக்கு மணி சர்க்கரை பார்த்து, இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியும் போட்டிருப்பார்கள். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் வெறும் வயிறு. அப்போது இந்த மாத்திரை இன்னும் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்.

ஆண்மை மாத்திரையில் வழக்கமாகக் கலப்பது சில்டெனாபில் அல்லது டடாலாபில். காப்பியிலும் மிட்டாயிலும் தேனிலும் இவை கலந்திருந்ததைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. இதிலும் அதே மௌனம்தான் எமன். நெஞ்சுவலி என்று வருபவருக்கு நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பது வழக்கம். சில்டெனாபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள், டடாலாபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட் கொடுத்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்குப் போய்விடும். அதனால்தான் டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வம்பு பேச இல்லை. "இல்லை" என்று பொய் சொன்னால், உயிர் காக்கும் மாத்திரையே அவரைக் கவிழ்த்துவிடும். காப்பி மட்டும்தான் குடித்தேன் என்று நினைப்பவரும் அந்தக் காப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முட்டிவலி மாத்திரை விஷயம் இன்னும் பெரிது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் மாட்டிக்கொள்வது இதில்தான். மூட்டுவலி, இடுப்புவலி, ஆஸ்துமா எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று விற்கிறார்களே, அந்த ஜாமுவிலும் உருண்டையிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு திரும்பத் திரும்பப் பிடிபடுகிறது. முதல் வாரம் அமிர்தம். வலி போகும், பசி எடுக்கும், முகம் பளபளக்கும். "பாட்டி உடம்பு தேறிட்டாங்க" என்போம். சில மாதத்தில் முகம் உப்பி வட்டமாகும், தோல் மெலிந்து தொட்டாலே கன்றும், சர்க்கரை ஏறும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்த நிலையில் உள்ள சமூகத்துக்குத் தெரியாமல் ஸ்டீராய்டு ஊட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதைவிட மோசம் அதைத் திடீரென்று நிறுத்துவது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரினல் சுரப்பி. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அதுதான் சுரக்கும். வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையை மறந்துவிடும். அப்புறம் சரக்கு தீர்ந்து பாட்டி மாத்திரையை விட்டாலோ, காய்ச்சலோ நிமோனியாவோ வந்தாலோ, உடம்பு தாங்க வழியில்லை. வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். எமெர்ஜென்சியில் சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். சலைன் ஏற்றினாலும் அழுத்தம் ஏறாது, அதற்கான மருந்து ஓடினாலும் ஏறாது. கிருமித் தொற்று என்று நினைத்து அதற்கான வைத்தியம் நடக்கும். தேவைப்பட்டது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கும் சாதாரண மருந்து அது. பாட்டி என்ன சாப்பிட்டார் என்பது தெரிந்தால் நிமிடத்தில் போட்டிருப்பார்கள்.

"டெக்ஸாமெத்தசோன் கோவிட்டுக்கே கொடுத்த மருந்துதானே, அதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பதிலும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. 2020இல் பிரிட்டனில் கோவிட் நோயாளிகளிடம் 'ரிகவரி' என்ற ஆய்வு நடந்தது. தினம் 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் 28 நாளுக்குள் இறந்தது 41.4 விழுக்காடு. இந்த மருந்தும் பெற்றோரில் 29.3. அத்தனை உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களில் மருந்து பெற்றோர் இறந்தது 17.8 விழுக்காடு, பெறாதோர் 14. பலன் ஒன்றுமில்லை, கெடுதலாகவே இருந்திருக்கவும் கூடும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து கொடுத்தும் ஆளுக்கு ஆள் இந்த வித்தியாசம். பேர் தெரியாத உருண்டையில் யார் அளந்தார்கள்?

பாக்கெட்டில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். உண்மையான ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிகள் கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது யாருக்கும் மறந்திருக்காது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில் போதாமல் பட்ட பாட்டைப் படங்களில் பார்த்து அழுதோம். அந்தச் சமயம் வாட்ஸ்அப்பில் ஐவர்மெக்டின் என்ற மருந்துதான் கோவிட்டுக்குச் சஞ்சீவி. மறைவாக விலை வைத்து விற்றார்கள். நம் டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 20 அரசு மருத்துவமனைகளில், 50 வயதைத் தாண்டிய, வேறு நோயும் உள்ள 490 நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள் ஐவர்மெக்டினும் வழக்கமான சிகிச்சையும். இன்னொன்றுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் முற்றியது. பெறாத 249 பேரில் 43 பேருக்கு. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. இறந்தவர்கள் முதல் பிரிவில் 3, இரண்டாவதில் 10. அந்த இரண்டு எண்களை மட்டும் பிய்த்து எடுத்து "பார், உயிர் காக்கிறது" என்று பரப்பியவர்கள் உண்டு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதைக் கணக்குப் போட்டு ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். 2022இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் அது வெளியானது. தங்களுக்குச் சாதகமோ பாதகமோ, எல்லா எண்ணையும் வெளியே வைப்பதுதான் ஆராய்ச்சி. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு எதுவும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். பங்கெடுப்பவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். 'ஆராய்ச்சி' என்று சொல்லி விற்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய், ஆண்மைக் குறைவு உட்பட ஒரு நீண்ட பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே குற்றம். ஆக, ஒருவர் மைக் பிடித்துச் 'சர்க்கரை வியாதி ஓடிப்போகும்' என்று கூவும்போதே அவர் சட்டத்தை மீறிவிட்டார். அதற்கப்புறமும் அவர் விற்பதை நம்பி வாயில் போடலாமா?

பதிவான மருந்தின் பெட்டியில் எம், ஏ, எல் என்ற மூன்று எழுத்தும், எட்டு இலக்கமும், அதற்குப் பின் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் இலக்கத்தை அடுத்து வரும் எழுத்து டி. கூடவே ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். எண்ணைப் பார்த்ததோடு விடாதீர்கள். வேறொரு மருந்தின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால், பதிவான பெயர் வரும். பெட்டியில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். காப்பி, மிட்டாய், தேன் போன்றவை உணவு என்ற பெயரில் வருவதால் அந்த எண்ணே இருக்காது. அங்கே அவர்கள் தரும் வாக்குறுதிதான் அடையாளம். காப்பி ஆண்மையைக் கூட்டும் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். முட்டிவலி மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து இன்றே நிறுத்திவிடக் கூடாது. மேலே சொன்ன அட்ரினல் சிக்கல் அப்படித்தான் வரும். மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து, எப்படி விடுவது என்று டாக்டர் சொல்வார். வீட்டில் பெரியவர்கள் அலமாரியில், தலையணை அடியில், பணப்பையின் உள்ளறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சண்டை போடாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைத்துத்தான் வைப்பார்கள்.

யாராவது திடீரென்று வியர்த்து, உளறி, தள்ளாடினால் 999ஐக் கூப்பிடுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஆள் நன்றாக இருந்தும் என்ன சாப்பிட்டார் என்பதில் சந்தேகம் இருந்தால், பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டரோடு தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்கள். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை.

கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் நின்று, கடைக்கு மேல் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு. நாளெல்லாம் நின்று வேலை, லீவு போட்டால் சம்பளம் போகும், கிளினிக் செலவுக்கு யோசனை. அதனால்தான் கீழே தெருவில் கிடைப்பதை வாங்குகிறீர்கள் என்பது தெரியும். கூட இருப்பவன் விழுந்தால் முதலாளி திட்டுவார், போலீஸ் வரும் என்று பயந்து பாக்கெட்டைக் குப்பையில் வீசிவிடாதீர்கள், காலிப் பாக்கெட்டாக இருந்தாலும். ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை நாளாக என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். மலாய் வராவிட்டால் தமிழில் எழுதுங்கள். பெரியாஸ்பத்திரியில் அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும்.